ஆரஞ்சுப் பூசணம் தேடி ஆவடிக்கு

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தபோது உள்ளே துணிமணிகளுக்கு நடுவில் நானூறு காகித உறைகள் இருந்தன. அத்தனையும் காலி.

“கல்யாணப் பத்திரிகையா?” என்று கேட்டார்.

“இல்லை சார், பூசணம் பிடிக்க” என்றேன்.

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் பெட்டியை மூடிப் போகச் சொல்லிவிட்டார்.

நான் மலேசியாக்காரி. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது கோலாலம்பூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். என் ஆராய்ச்சி ஒரு பூஞ்சையைப் பற்றியது. நெருப்பு பட்ட இடங்களில் அது வளரும். கரிந்த கட்டையின் மேல் மழை விழுந்தால் இரண்டு மூன்று நாளில் ஆரஞ்சு நிறத்தில் பொங்கிக்கொண்டு வரும். தட்டினால் புகை போலப் பறக்கும்.

அதன் மரபணுத் தொகுப்புக்குள் சில துண்டுகள் உண்டு. ஓரிடத்தில் நிலைகொள்ளாமல், தங்களை நகலெடுத்து இன்னோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் துண்டுகள். தாவும் மரபணுக்கள் என்று சொல்லலாம். சோளத்திலும் ஈயிலும் மனிதனிலும் இவை ஏராளம். ஆனால் இந்தப் பூஞ்சையில், இன்னும் உயிரோடு தாவிக்கொண்டிருக்கும் துண்டு ஆப்பிரிக்காவில் எடுத்த ஒரே ஒரு மாதிரியில்தான் அதுவரை கிடைத்திருந்தது. இன்னொன்றைக் கண்டுபிடிப்பது என் வேலை. மலேசியா முழுக்க மூன்று வருடம் சுரண்டிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. “இந்தியாவிலும் இல்லை என்றால் தலைப்பை மாற்றிக்கொள்” என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். கையில் இருந்தது ஒன்பது நாள்.

தங்கியது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில். என் தோழி ஒருத்தியின் சித்தப்பா சங்கரலிங்கம் அங்கே வரைபடப் பிரிவில் வேலை பார்த்தார். திருநெல்வேலிக்காரர். போன அன்றே எனக்கும் அவர் சித்தப்பா ஆகிவிட்டார், அவர் மனைவி சித்தி ஆகிவிட்டார். ஒரே மாதிரி மஞ்சள் சுண்ணாம்பு அடித்த வீடுகள். ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்ததில் மலையாளம், மாடியில் இந்தி. எங்கள் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களின் ஞாபகம் வந்தது. இங்கே எல்லோரும் சைக்கிளில் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் திரும்பினார்கள், அதுவும் அப்படியேதான்.

சித்தி அன்று மதியம் தேங்காய்ப்பாலில் சொதி வைத்திருந்தார். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் சாப்பிடும்போதே ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்காவது எதுவாவது எரிந்து கிடக்கிறதா என்று.

“ஏட்டி, சாப்புடுத நேரத்துலயாவது ஒரு எடத்துல உக்காரேன்” என்றார் சித்தி. நான் உட்கார்ந்துதான் இருந்தேன். அவருக்கு அப்படித் தெரியவில்லை.

மறுநாள் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து திருமழிசை. நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் புதுத் தொழிற்கூடங்களின் தகரக் கூரைகள், மறுபக்கம் அறுத்து எரித்த வயல். எரித்த வயல்! ஓடினேன். கறுப்பாக இருந்தது. கறுப்பு மட்டுமே இருந்தது. இரண்டு மாதமாக மழையே இல்லை என்றார்கள். ஈரம் இல்லாமல் என் பூஞ்சை கண் திறக்காது. வெறும் கையோடு திரும்ப மனமில்லாமல் ஒரு கரிந்த வேலிக்கட்டையை எடுத்துக்கொண்டேன், வீட்டில் நனைத்து வைத்துப் பார்க்கலாம் என்று.

திரும்பும் பஸ்ஸில் நடத்துநர் கட்டையைப் பார்த்துவிட்டார்.

“இன்னாமே இது? கொள்ளிக்கட்டைய எடுத்துகினு ஏர்ற? எறங்கு, எறங்கு!”

“அணைஞ்சதுதான் அண்ணே” என்றேன்.

“அணைஞ்சதோ எரியறதோ, என் வண்டில ஏத்த மாட்டேன்.”

பின்னால் இருந்த கூட்டம் என்னை உள்ளே தள்ளிவிட்டதால் பேச்சு அதோடு நின்றது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் தெலுங்குக்காரர்கள், எனக்குக் காதில் விழுந்தது புரிந்துவிட்டது. “பாவம், நல்ல குடும்பத்துப் பெண்ணாகத்தான் தெரிகிறது. யாரோ பரிகாரம் சொல்லியிருக்கிறார்கள்” என்றாள் ஒருத்தி. “குழந்தை இல்லாமல் இருக்கும்” என்றாள் மற்றவள். நான் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு பாவமாகவே உட்கார்ந்து வந்தேன்.

மூன்றாம் நாள் எங்கும் போகவில்லை. போய் என்ன செய்ய? வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். ஈப்போவில் மாலை ஆனால் மழை வந்துவிடும், கேட்கவே வேண்டாம். இங்கே வானம் வெள்ளைத் தகடு போலக் காய்ந்து கிடந்தது. தண்ணீர் லாரிக்கு வரிசையில் குடம் வைத்திருந்த பெண்களும் நானும் ஒரே வானத்தை அண்ணாந்து பார்த்தோம்.

நாலரை மணிக்குக் காற்று மாறியது. ஐந்து மணிக்கு இடி. அப்படி ஒரு மழையை எதிர்பார்த்திருக்கவில்லை. தெருவில் எல்லோரும் வாளிகளோடு ஓடினார்கள். சித்தப்பா நனைந்துகொண்டே சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டே, “இப்பச் சொல்லு, அந்தப் பூசணத்துல அப்படி என்னத்தத் தேடுத?” என்று கேட்டார்.

சொன்னேன். தாவும் துண்டு தன்னைப் போல இன்னொன்றைச் செய்யும், அது இன்னொன்றைச் செய்யும், விட்டால் தொகுப்பு முழுக்க அதுவே நிரம்பிவிடும். இந்தப் பூஞ்சை அதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. விதை கட்டுவதற்கு முன்னால் தன் தொகுப்பு முழுவதையும் ஒருமுறை தேடிப் பார்க்கும். ஒரே எழுத்து வரிசை இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டையுமே கண்டபடி எழுத்து மாற்றிப் பாழாக்கிவிடும்.

“ரெண்டையுமா?”

“ரெண்டையுமே. அசல், நகல் பார்க்கத் தெரியாது.”

“எங்க ஆபீசுலயும் அப்படித்தாம்மா. ஒரே நம்பருல ரெண்டு ஷீட்டு சுத்திச்சுன்னா, எது சரின்னு தெரியாட்டி ரெண்டுலயும் கேன்சல் சீல் குத்திருவோம்.” துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார். “ஆனா ஒண்ணு இடிக்கே. பழைய டிராயிங்க ஒரு நகல் எடுத்து, அந்த நகல்ல திருத்தித்தான நாங்க புது சாமான் போடுதோம்? நகலே இருக்கப்பிடாதுன்னா புதுசு எப்படி வரும்?”

என் துறையில் பெரியவர்கள் அப்போது மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி அது. மற்ற உயிர்கள் ஒரு மரபணுவை இரண்டாக்கி, ஒன்றைப் பழைய வேலைக்கு விட்டுவிட்டு, மற்றதை மாற்றி மாற்றித்தான் புதிய மரபணுக்களைப் பெறுகின்றன. இந்தப் பூஞ்சை திருடனுக்குப் பயந்து அந்த வாசலையே சுவர் வைத்து அடைத்துவிட்டது.

“வராது சித்தப்பா. அதுதான் அது குடுக்கிற விலைன்னு நினைக்கிறோம்.”

“அப்ப ரொம்பப் பயந்தாங்கொள்ளிப் பூசணம்” என்றார்.

நான்காம் நாளை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. நனைத்து வைத்த வேலிக்கட்டையில் ஒன்றும் முளைக்கவில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும் வெள்ளானூர்ப் பக்கம் செங்கல் சூளைகள் உண்டு, பனைகளை வெட்டி எரித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவன் பெயர் மணி. முப்பது வயது இருக்கும், வாய் ஓயவே ஓயாது.

“அது இன்னா மேடம், வார்த்தைக்கு வார்த்தை ‘லா’ போடறீங்க? பாட்டா?”

“எங்க ஊர்ல அப்படித்தான் லா.”

“நல்லா கீது. இனிமே நானும் போடறேன் லா.”

வெள்ளானூரில் வயலுக்கு நடுவே வரிசையாகக் கல் நட்டு மனைகள் பிரித்திருந்தார்கள். ஒரு வரப்போரம் பாதி எரிந்த பனை ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன் கறுத்த முதுகில், பட்டை வெடித்த இடமெல்லாம், ஆரஞ்சு. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. நான் செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு ஓடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முதல் உறையில் முதல் தூளைத் தட்டினேன். ஆறு உறை நிரப்பி, நோட்டில் இடத்தைக் குறித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது.

“ஏய்! இன்னாத்த எழுதற? பிளாட்டு போட வந்தியா?”

கையில் களைக்கொத்தோடு ஒரு அம்மாள். இடுப்பில் சொருகிய புடவை, முழங்கால் வரை சேறு. அவர் பெயர் கன்னியம்மா என்று பின்னால் தெரிந்தது. அந்த நிலம் அவர்களுடையது. இரண்டு பக்கமும் மனை ஆகிவிட்டது, நடுவில் அவருடையது மட்டும் மிச்சம்.

“இல்லம்மா, இந்தப் பூசணத்தை...”

“பூசணமா? யாருகிட்ட கத வுடற? போன மாசம் ஒருத்தன் மண்ணு பரிசோதனைன்னு வந்தான். அப்பால பாத்தா கல்லு நட்டு வெச்சிருக்கான். குடு அந்த நோட்ட!”

நோட்டைப் பிடுங்கினார். நான் விடவில்லை. இழுபறியில் நான் கால் வழுக்கி வாய்க்காலில் உட்கார்ந்தேன், நோட்டோடும் உறைகளோடும். ஆறு உறையும் நனைந்து கூழாகிவிட்டன. மணி ஓடிவந்து நடுவில் நின்றான்.

“யக்கோவ், வுடுக்கா! இது மலேசியா பார்ட்டி. நெலத்துக்கு வர்ல, மரத்துல கீற பூசணத்துக்கு வந்துகீது. நானே கண்ணால பாத்தேன்.”

கன்னியம்மா என் சேறு பூசிய முகத்தையும் பனையையும் மாறி மாறிப் பார்த்தார். நிலம் வாங்க வருகிறவள் வாய்க்காலில் இப்படி அழுதுகொண்டு உட்கார மாட்டாள் என்று தோன்றியிருக்க வேண்டும். தன் பம்புசெட்டில் என்னைக் கூட்டிப்போய் முகம் கழுவவிட்டார். “பனையத்தானே கேட்ட? வேணுன்ற மட்டும் சொரண்டிக்கோ. நோட்டுல எம் பேர மட்டும் எழுதாத” என்றார். மறுபடி ஆறு உறை எடுத்தேன். பெயர் எழுதவில்லை.

திரும்பும் வழியில் மணி வண்டியை மெதுவாக்கினான். பிறகு சொன்னான்: “மேடம், இந்த ஆரஞ்சு பூசணம் எங்க அக்கா ஊட்டுல கீது.”

“வீட்டுலயா?”

“கள்ளிக்குப்பத்துல மாமாவுக்கு ரொட்டிக் கடை. ஆறு மாசமா பேஜாரு. வெளிய சொல்லாதீங்க, மாமா என்னத் தொலச்சிடுவாரு.”

நான் ஆட்டோவை நேராக அங்கே விடச் சொன்னேன்.

கடையின் பெயர்ப்பலகை மங்கியிருந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றியிருந்த டீக்கடைகளுக்கு ஒரு காலத்தில் பன்னும் ரொட்டியும் பொறையும் அங்கிருந்துதான் போகும். மணியின் மாமா ஏகாம்பரம் என்னைக் கண்டதும் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“பூசணமா? எங்க கடையிலயா? எவன் சொன்னான்?” பார்வை மணி மேல் போனது. மணி சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் மனைவி நாகம்மா உள்ளே இருந்து வந்தார். “மூடி மூடி வெச்சி இன்னாத்தக் கண்டோம்? வா, வந்து பாரு” என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

அடுப்புக்குப் பின்னால் ரொட்டியை ஆற வைக்கும் அறை. சுவரோரம் அடுக்கடுக்காக மரப்பலகைகள். பலகைகளின் இடுக்கெல்லாம், சுவரின் வெடிப்பெல்லாம், மூலையில் ஒதுக்கி வைத்த பன்களின் மேலெல்லாம் ஆரஞ்சுப் பஞ்சு. மூன்று வருடத்தில் ஓரிடத்தில் நான் இவ்வளவு பார்த்ததில்லை. பனையில் கிடைத்ததெல்லாம் ஒரு சிட்டிகை. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். “அழகு லா” என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

நாகம்மா என் கையை விட்டார்.

“சிரிக்கிறியா? தே, அந்த முக்கு டீக்கடைக்காரன் எங்க ரொட்டிய நட்ட நடு ரோட்டுல வீசினான், அத்தினி பேரு பாக்க. செய்வினைன்றான் ஒருத்தன், சீக்குன்றான் ஒருத்தன். வேலை செஞ்ச ரெண்டு பேரும் பயந்துகினு ஓடிட்டானுங்க. எங்க வயித்துல அடிச்சது உனுக்கு அழகா கீதா?”

காது வரை சுட்டது. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியாமலே, “நான் இதைச் சரிபண்ணித் தரேன் அக்கா” என்றேன்.

“எங்க, பண்ணு பாக்கலாம்” என்றார் ஏகாம்பரம் வாசலில் இருந்து. “நான் பண்ணாததா? வாரா வாரம் பெயின்ட்டு உரிக்கிற நெருப்பு விளக்கு வெச்சி அத்தினி பலகையையும் பொசுக்கறேன். ரெண்டு நாளு சும்மா கீது. மூணாம் நாளு முன்ன விட ஜாஸ்தியா வருது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்று மாலை அம்பத்தூரில் ஒரு தொலைபேசிக் கூண்டிலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன். வெள்ளானூர்ப் பனை, ரொட்டிக் கடை இரண்டையும் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: நல்லது, எடுத்துக்கொள். ஆனால் ஒரு கடைக்குள் இருப்பதெல்லாம் ஒரே குடும்பமாகத்தான் இருக்கும், நூறு உறை எடுத்தாலும் ஒன்றுதான். மழை பெய்துவிட்டது, ராணிப்பேட்டைக்கு அப்பால் கரும்புத் தோட்டங்களை எரித்திருப்பார்கள், மீதி நாட்களை அங்கே செலவிடு. அதுதான் உன் கடைசி வாய்ப்பு.

அவர் சொன்னது சரி. ஆறாம் நாள் காலை பூந்தமல்லிக்குப் போய் வேலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பெட்டியில் முந்நூற்றுச் சொச்சம் காலி உறை. மூன்று நாள் இருந்தது. ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். கீழே ஒருவர் வெள்ளரிப் பிஞ்சு விற்றார், வாங்கினேன், தின்னவில்லை. ஏகாம்பரம் அடுத்த வாரமும் பலகையைப் பொசுக்குவார் என்று மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அது திரும்ப வருகிறது என்று இந்த வட்டாரத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஓட்டுநர் ஏறி வண்டியைக் கிளப்பியபோது, “எறங்கணும், எறங்கணும்” என்று கத்திக்கொண்டு இறங்கினேன். நடத்துநர் திட்டியது அடுத்த நிறுத்தம் வரை கேட்டிருக்கும்.

கள்ளிக்குப்பத்தில் ஏகாம்பரத்தை உட்கார வைத்துச் சொன்னேன். இந்தப் பூஞ்சைக்கு இரண்டு விதமான விதை. காற்றில் பறக்கிற ஆரஞ்சுத் தூள் ஒன்று, அது சூட்டில் செத்துவிடும். இன்னொன்று கறுப்பு விதை, கண்ணுக்கே தெரியாது, பலகைக்குள் வருடக்கணக்கில் தூங்கும். அதை எழுப்புவதே சூடுதான். காட்டுத் தீ வந்து போனதும் முளைக்க வேண்டும் என்று அப்படி இருக்கிறது.

அவர் ஒரு பலகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்போ ஆறு மாசமா நானே அத்த எழுப்பி வுட்டுகினு இருந்தேனா?”

“தெரியாமத்தானே அண்ணே.”

“தெரியாமத்தான்” என்றார். எழுந்து போய் நெருப்பு விளக்கை எடுத்துவந்து மணியிடம் கொடுத்து, “இத்த எங்கனா கொண்டும் போயி குடுத்துடு” என்றார்.

முதலில் எனக்கு வேண்டிய பத்து உறையை நிரப்பிக்கொண்டேன். பிறகு அடுப்பை அணைத்தோம். அது பதினொரு வருடத்தில் அணைந்ததே இல்லையாம். பலகைகளை ஈரச் சாக்கில் சுற்றி, தூள் பறக்காமல், மணியின் ஆட்டோவில் ஏழெட்டு நடையாக ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தோம். தொழிற்பேட்டையில் ரசாயனம் விற்கும் ஒரு கடையில் பூஞ்சையைக் கொல்லும் ஃபார்மலின் வாங்கினோம். முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு நான், நாகம்மா, ஏகாம்பரம், மணி நாலு பேரும் சுவரையும் தரையையும் கூரையையும் துடைத்தோம். பெருக்கக் கூடாது, துடைக்க மட்டும்தான் வேண்டும் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணில் தண்ணீர் வழிய வெளியே ஓடினோம். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. “மலையாளத்துலர்ந்து மந்திரவாதிய இட்டாந்துகிறாங்க” என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கினார்.

ஏழாம் நாள் வெடிப்புகளைச் சிமென்ட் வைத்துப் பூசினோம். மதியம் நாகம்மா வாசல்படியில் எனக்குக் காரக்குழம்பும் சுட்ட கருவாடும் போட்டார். முதல் நாள் கோபம் போயிருந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை.

“ஜாவாவுல இதே பூசணத்தைக் கடலைப் பிண்ணாக்குல வளர்த்து, எண்ணெயில பொரிச்சுத் தின்பாங்க அக்கா. நானே சாப்பிட்டிருக்கேன்.”

“த்தூ!” என்றார். பிறகு, “எப்டி கீது?”

“காளான் மாதிரி.”

கொஞ்ச நேரம் மென்றார். “ஆமா, நீ எடுத்துகினு போற பூசணத்துல இன்னாதான் தேடற?”

சித்தப்பாவிடம் சொன்னதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னேன், தாவும் துண்டையும் காவலையும். அவர் கருவாட்டு முள்ளை ஓரமாக வைத்தார்.

“ஊட்டுல திருடன் பூந்தா, திருடனயும் அடிச்சி, அவன மாதிரி கீறான்னு பெத்த புள்ளயயும் சேத்து அடிக்கிது. அதானே?”

“அதேதான்.”

“அப்டி அடிக்கிற ஊட்டுல திருடன் எப்டி உசுரோட கெடைப்பான்?”

“ஒரே ஒரு இடத்துல கிடைச்சான் அக்கா. அதான் தேடறேன்.”

“கெடைக்காட்டி?”

“மூணு வருஷம் வீண்” என்றேன். அதுவரை யாரிடமும் நான் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. நாகம்மா எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

எட்டாம் நாள் அடுப்பு மூட்டினார்கள். புதுத் தகரத் தட்டுகளில் முதல் ரொட்டி வந்தது. எங்கள் ஊரில் ரொட்டியைத் தணலில் வாட்டி, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த காயா ஜாம் தடவித் தின்போம். இங்கே ஏகாம்பரம் சுடச்சுடப் பிய்த்து டீயில் முக்கிக் கொடுத்தார். நாக்கு வெந்தது. இருபது ரொட்டியை வேண்டுமென்றே அந்த அறையில் ஆறவைத்துத் துணி போட்டு மூடினோம். நான்கு நாள் ஆரஞ்சு தலைகாட்டாவிட்டால் பிழைத்தோம். எனக்கு ஒரு நாள்தான் மிச்சம்.

ஒன்பதாம் நாள் மதியம் வரை அரை மணிக்கு ஒருமுறை துணியைத் தூக்கிப் பார்த்தேன். “தூக்கித் தூக்கி நீயே அதும்மேல காத்த வுடற. கெளம்பு, பிளேனுக்கு டைம் ஆவுது” என்று நாகம்மா விரட்டினார். ரொட்டி வெள்ளையாகவே இருந்தது. அதில் அர்த்தமில்லை என்று எனக்கும் தெரியும், ஒரு நாளில் எதுவும் வராது. பெட்டியில் வெள்ளானூர் உறை ஆறும் கள்ளிக்குப்பத்து உறை பத்தும் இருந்தன. மணி விமான நிலையம் வரை ஆட்டோவிலேயே கொண்டுபோய் விட்டான், வழியில் இரண்டு முறை புகைவிட்டு வண்டி நின்றும்.

கோலாலம்பூரில் பேராசிரியர் பதினாறு உறைகளை எண்ணிப் பார்த்தார். திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

நான்கு மாதம் உழைத்தேன். பூஞ்சையை வளர்த்து, மரபணு இழையைப் பிரித்து, ஆப்பிரிக்கத் துண்டைக் கொண்டு தேடினேன். துண்டு இருந்தால் எக்ஸ்ரே ஃபிலிமில் கோடாக விழும், ஒருநாள் விழுந்தது. வெள்ளானூரிலும் இருந்தது, கள்ளிக்குப்பத்திலும் இருந்தது, ஒன்றல்ல, பல நகல்கள். பிறகு எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பாழாக்கப்பட்டிருந்தது. காவலின் கைவரிசை வரிக்கு வரி தெரிந்தது. உயிரோடு ஒன்றுகூட இல்லை.

அந்தக் காகிதங்களைப் பேராசிரியரின் மேசையில் போட்டுவிட்டு வெளியே போகப் பார்த்தேன். அவர் உட்காரச் சொன்னார். மலேசியாவில் எடுத்த பழைய மாதிரிகளையும் இதேபோல எழுத்தெழுத்தாகப் பார்க்கச் சொன்னார். நான் உயிருள்ளதை மட்டுமே தேடியதால், அவற்றில் மங்கலாக விழுந்த கோடுகளை அழுக்கு என்று ஒதுக்கியிருந்தேன். அங்கேயும் பிணங்கள் கிடந்தன. எங்கள் ஊரிலும், ஆவடிப் பக்கத்திலும், அந்தத் துண்டு ஒரு காலத்தில் தாவிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எல்லா இடத்திலும் பிடிபட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவில் கிடைத்ததுதான் விதிவிலக்கு. “இதுதான் உன் ஆய்வேடு. தலைப்பை மட்டும் மாற்று” என்றார்.

அன்று கள்ளிக்குப்பத்துக்குத் தொலைபேசினேன். அவர்களுக்கு இணைப்புக் கிடையாது, எதிர்வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தார்கள். யாரோ “நாகம்மோவ், மலேசியா!” என்று கூவினார்கள். செருப்புச் சத்தம் ஓடிவந்தது.

“நல்லா கீறியா?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், “வர்ல! இன்னி வரைக்கும் ஒரு பொட்டு கூட வர்ல. அந்த டீக்கடைக்காரனே வந்து கேட்டு வாங்கிகினு போறான்” என்றார்.

நான் என் பக்கத்துச் சேதியைச் சொன்னேன். நீங்கள் கேட்டது சரிதான் அக்கா, திருடன் ஒருவன்கூட உயிரோடு இல்லை, அத்தனையும் செத்துக் கிடக்கிறது.

தொலைபேசியில் இரைச்சல். பிறகு அவர் குரல் தாழ்ந்து வந்தது.

“அப்போ உனுக்கு மூணு வருசம் வீணா?”

“இல்லை அக்கா. செத்ததைப் பத்தி எழுதப் போறேன். எங்கெங்க செத்தான், எப்படி அடிபட்டுச் செத்தான்னு.”

“அத்த எழுதினா பட்டம் குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க.”

“குடுக்கலன்னா சொல்லு, இங்க வா. சொவரு தொடைக்க நல்லா கத்துகினுகீற” என்றார். நான் சிரிக்க ஆரம்பிப்பதற்குள், “ஐயோ, அடுப்புல பன்னு கீது, கருவுது” என்று வைத்துவிட்டார்.